பட்டியலேடு சிதைந்தாலும் வரலாறு நிலைக்க
நிழற்படத் திருத்தப் பதிவுகளைக் காத்தல் – ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நூலின் இறுதி வடிவம் நம் கைக்கு எளிதில் வந்து சேர்கிறது. அந்நூல் எழுதப்பட்ட காலத்து அடித்தலும் திருத்தலும் நிறைந்த கையெழுத்துப்படி கிடைப்பதோ அரிது. இறுதி வடிவம் ஆசிரியர் எங்கு வந்து சேர்ந்தார் என்பதைக் கூறும். கையெழுத்துப்படியோ அவர் வந்த வழியைக் கூறும். ஆய்வாளனுக்கு இரண்டும் தேவை.

நிழற்படக் கலையிலும் இந்நிலையே காணப்படுகிறது. இன்று படமெடுப்போர் பெரும்பாலும் இருட்டறையில் நெகட்டிவைக் கழுவுவதில்லை. கணிப்பொறியின் முன் அமர்ந்து படத்தைச் செப்பம் செய்கின்றனர். ஒளியைக் கூட்டியது, நிழலைத் தளர்த்தியது, ஓரத்தை வெட்டியது, முகத்தில் விழுந்த கீறலை நீக்கியது என ஒவ்வொரு செயலும் கேட்டலாக் எனப்படும் பட்டியலேட்டில் வரிசையாகப் பதிவாகிறது. பல்லாயிரம் படங்களின் திருத்த வரலாறு ஒரே கோப்பில் அடங்கிக் கிடக்கிறது. அக்கோப்பு ஒருநாள் சிதைந்து திறக்க மறுக்குமானால் எது எஞ்சும்? எது அழியும்? அழிந்ததில் எதனை மீட்கலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருத்த வரலாறு என்பது யாது?

பழைய முறையில் ஒரு படத்தைத் திருத்திச் சேமித்தால் திருத்தம் படத்தின் மேலேயே ஏறிவிடும். முந்தைய நிலை மறைந்துவிடும். இதனை அழித்தெழுதும் முறை எனலாம். இன்று வழக்கில் மிகுந்துள்ள மென்பொருள்கள் வேறொரு நெறியைப் பின்பற்றுகின்றன. கேமரா பதிவு செய்த ரா கோப்பை அவை தொடுவதே இல்லை. ‘இப்படத்தில் ஒளியை இத்தனை அளவு கூட்டுக, இவ்விடத்தில் வெட்டுக’ என்னும் கட்டளைகளை மட்டும் தனியே எழுதி வைக்கின்றன. திரையில் நாம் காண்பது மூலப்படத்தின்மேல் அக்கட்டளைகளை ஏற்றிக் காட்டும் தோற்றமே ஆகும். இதனை அழியாத் திருத்தமுறை எனலாம்.

இம்முறையில் மூன்று பொருள்கள் உள்ளன. முதலாவது மூலப்படம். இரண்டாவது, திருத்தங்களின் இறுதி நிலை. அதாவது, இப்போது எந்தெந்த அளவு எவ்வளவு என்பது. மூன்றாவது, அந்நிலையை அடைய எடுத்து வைத்த படிகளின் வரிசை. இவற்றுள் மூன்றாவதே வரலாறு என்னும் சொல்லுக்கு முழுதும் உரியது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றெனக் கொள்வதால்தான் பலர் இழப்புக்கு ஆளாகின்றனர். இறுதி நிலையைக் காத்துவிட்டு, வரலாற்றைக் காத்துவிட்டதாக எண்ணி அமைதியடைகின்றனர். இவ்வேறுபாட்டை மாணவர் முதற்கண் உளங்கொள்ளுதல் வேண்டும்.

இலக்கியம் பயில்வோர்க்கு இது புதிதன்று. சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பு நோக்கியே அப்பணியை நிறைவேற்றினார். ஒரு சுவடி மட்டும் இருந்திருப்பின் பிழை எது, பாடவேறுபாடு எது எனத் தெளிவதற்கு வழியில்லை. பல நிலைகள் காக்கப்பட்டிருந்தால்தான் ஒப்பீடு இயலும். ஒப்பீடு இயன்றால்தான் தெளிவு பிறக்கும். படத்தின் திருத்தப் படிகளுக்கும் இக்கருத்து பொருந்தும்.

நெகட்டிவ் காலத்துச் சான்று ஒன்று

திருத்த வரலாற்றின் அருமையை உணரக் கணிப்பொறிக் காலத்துக்கு முற்பட்ட எடுத்துக்காட்டு ஒன்று துணை செய்யும். அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரை மாலைப் பொழுதில் படமெடுத்தார். கீழே கல்லறைச் சிலுவைகள் மறையும் வெயிலில் மின்ன, மேலே நிலவு எழும் காட்சி அது. ஒளியளக்கும் கருவி உடனே கைக்கு அகப்படாமையால், நிலவின் ஒளியளவைத் தாம் அறிந்திருந்ததைக் கொண்டு கணக்கிட்டு ஒரே ஒரு நெகட்டிவ் எடுத்தார். அடுத்ததற்குத் தட்டைத் திருப்புமுன் சிலுவைகளின்மேல் விழுந்த வெயில் போய்விட்டது.

அந்த ஒரு நெகட்டிவிலிருந்து பின்னாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் எடுக்கப்பட்டன. அவையெல்லாம் ஒரே தன்மையன அல்ல. முற்காலப் பிரதிகளில் வானம் ஓரளவு வெளுத்து, மெல்லிய மேகங்களுடன் தோன்றும். பிற்காலப் பிரதிகளில் வானம் ஏறத்தாழ முழுக் கருமையாகும். 1948ஆம் ஆண்டு நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மருந்தால் வலுப்படுத்தவும் செய்தார். இசைப் பயிற்சி உடைய ஆடம்ஸ், நெகட்டிவ் என்பது இசையமைப்பாளரின் குறியேடு போன்றது என்றும், பிரதி என்பது அதனை வாசித்துக் காட்டுதல் போன்றது என்றும் கருதினார். குறியேடு ஒன்றே, வாசிப்புகள் பல.

அவ்வளவு நுணுக்கம் வாய்ந்த கலைஞர் அப்படத்தின் நாளைக் குறித்து வைக்கவில்லை. வெவ்வேறு வெளியீடுகளில் வெவ்வேறு ஆண்டுகள் தரப்பட்டன. முடிவில் வானியலாளரே துணைக்கு வர நேர்ந்தது. டேவிட் எல்மோர் என்பவர் நிலவின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு 1941 அக்டோபர் 31 என அறிவித்தார். பின்னர் டென்னிஸ் டி சிக்கோ மறுகணக்கீடு செய்து 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் எனத் திருத்தினார்; அவ்வாய்வு 1991ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒருவரிக் குறிப்பு இல்லாமையால் அரை நூற்றாண்டு ஐயம் நீடித்தது. படத்தில் நிலவு இருந்ததால் விடை கிடைத்தது. நிலவில்லாத படங்களுக்கு யார் கணக்கிட்டுக் கூறுவர்?

பட்டியலேட்டின் அமைப்பு

இனி இன்றைய நிலைக்கு வருவோம். அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் மென்பொருள் 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. 2017 முதல் அதன் மூல வடிவம் லைட்ரூம் கிளாசிக் எனப் பெயர் பெற்றது. ஸ்டுடியோ வைத்திருப்போர், செய்திப் படப்பிடிப்பாளர், ஆவணக் காப்பாளர் எனப் பலரும் இதனைக் கையாள்கின்றனர். ஆதலின் இதனையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இதன் பட்டியலேடு எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தள முறையில் அமைந்த ஒரு கோப்பு. படங்கள் இக்கோப்பினுள் இல்லை. அவை வன்தட்டில் தத்தம் மடிப்பறைகளில் உள்ளன. நூலகத்தில் நூல்கள் அடுக்கில் இருக்க, அட்டைப்பெட்டியில் குறிப்பட்டைகள் இருப்பது போன்ற அமைப்பு இது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நூலக அட்டை தொலைந்தால் நூலுக்குக் கேடில்லை, மீண்டும் எழுதிக்கொள்ளலாம். இங்கோ, திருத்தம் முழுவதும் அட்டையில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அட்டை போனால் படம் கேமராவிலிருந்து வந்த பச்சை நிலைக்குத் திரும்பிவிடும்.

இவ்விடரைக் குறைக்க எக்ஸ்.எம்.பி. என்னும் முறை உள்ளது. இதனை அடோபி 2001ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. 2012இல் இது பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. கேனான், நிக்கான் போன்ற நிறுவனங்களின் ரா கோப்புகளுக்கு அருகில் அதே பெயருடைய சிறு துணைக்கோப்பாக இது எழுதப்படும். டி.என்.ஜி., ஜேபெக், டிஃப் வகைகளில் படக்கோப்பின் உள்ளேயே எழுதப்படும். துணைக்கோப்பு வெறும் எழுத்தாலான கோப்பு. எந்த எழுத்துப் பதிப்பானிலும் திறந்து படிக்கலாம். தேவையெனின் மென்பொருளில்லாமலே அளவுகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம் என்பது இதன் பெருஞ்சிறப்பு.

ஆயினும் இத்துணைக்கோப்பு எல்லாவற்றையும் ஏற்பதில்லை. இறுதி நிலை அளவுகள், தலைப்பு, விளக்கம், குறிச்சொற்கள், நட்சத்திர மதிப்பு, வண்ண அடையாளம், ஸ்னாப்ஷாட் எனப்படும் நிலைப்பதிவுகள் ஆகியவை இதில் ஏறும். திருத்தப் படிகளின் வரிசை ஏறாது. ஒரே படத்தின் மாற்று வடிவங்களான போலிப்பிரதிகள் ஏறா. படம் எந்தத் தொகுதியில் சேர்க்கப்பட்டது என்பதும் ஏறாது. இவை யாவும் பட்டியலேட்டில் மட்டுமே வாழ்வன. இன்னொன்றும் கருதத்தக்கது. திருத்தங்களைத் துணைக்கோப்பில் தானாக எழுதும் வசதி இம்மென்பொருளில் இயல்பாக இயங்குவதில்லை. பயனாளரே அமைப்புப் பகுதியில் அதனை இயக்கி வைத்தல் வேண்டும்.

பிற மென்பொருள்களின் நெறி

எல்லா மென்பொருளும் ஒரே நெறியைப் பின்பற்றவில்லை என்பதை ஒப்பீடு காட்டும். கட்டற்ற மென்பொருளான டார்க்டேபிள் தன் தரவுத்தளத்தில் எழுதுவதோடு, ஒவ்வொரு படத்துக்கும் தனித் துணைக்கோப்பு எழுதி, அதில் திருத்தப் படிகளின் அடுக்கையும் பதிக்கிறது. ஆகவே தரவுத்தளம் முற்றும் அழிந்தாலும் படங்களைத் துணைக்கோப்புகளுடன் மீண்டும் சேர்த்துக்கொண்டால் திருத்தங்கள் திரும்பிவரும். எனினும் வரலாற்றைச் சுருக்கும் கட்டளையை இட்டால் இடைப்படிகள் நீங்கிவிடும். அதனைக் கையாள்வோர் விழிப்புடன் இருத்தல் நலம்.

கூகுளின் பிக்காசா வேறொரு வழியைக் கையாண்டது. ஒவ்வொரு மடிப்பறையிலும் மறைந்திருக்கும் ஒரு சிறு எழுத்துக் கோப்பில் திருத்தக் குறிப்புகளை வைத்தது. சேமிக்கும்போது மூலப்படத்தை ஒரு மறைவான மடிப்பறையில் ஒதுக்கி வைத்தது. 2016ஆம் ஆண்டு அம்மென்பொருளின் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. அக்காலத்துப் படங்களை இன்று புதிய வன்தட்டுக்கு மாற்றுவோர், மறைவான கோப்புகளைக் கண்ணில் படாமல் விட்டுவிட்டால், மூலமும் குறிப்பும் ஒருசேர அழியும்.

ஆப்பிளின் அப்பர்ச்சர் தரும் பாடம் இன்னும் கடுமையானது. 2005இல் தோன்றிய அம்மென்பொருளைத் தொடரப்போவதில்லை என 2014இல் நிறுவனம் அறிவித்தது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த மேக் இயங்குதளத்தில் அது இயங்கவே இல்லை. அதிலிருந்து லைட்ரூமுக்குப் பெயர்ந்தோர் குறிச்சொற்களையும் மதிப்பீடுகளையும் கொண்டுவர முடிந்தது; திருத்தங்களை மீண்டும் மாற்றத்தக்க நிலையில் கொண்டுவர இயலவில்லை. ஏடு சிதையவில்லை, ஏட்டைப் படிக்கும் கண் மறைந்தது. விளைவு ஒன்றே. எனவே சிதைவு என்பது கோப்பின் பழுது மட்டுமன்று. படிக்கும் கருவி வழக்கொழிதலும் அதன் ஒரு வகையே எனக் கொள்ளுதல் தகும்.

ஏடு சிதையும் காரணங்கள்

தரவுத்தளக் கோப்பு தானாகச் சிதைவது அரிது. பெரும்பாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது ஏற்படும் இடையூறே காரணமாகிறது. திடீரென மின்சாரம் நிற்றல், வெளிவன்தட்டின் கம்பியை முறைப்படி விடுவிக்காமல் பிடுங்குதல், வன்தட்டில் இடம் நிரம்பிப் போதல், வன்தட்டே பழுதடைதல் ஆகியவை முதன்மையானவை. மேகச் சேமிப்புடன் ஒத்திசையும் மடிப்பறையில் பட்டியலேட்டை வைத்து, இரு கணிப்பொறிகளில் மாறிமாறித் திறப்பதும் இடர் தரும். ஒத்திசைவு முடியுமுன் மற்றொன்றில் திறந்தால் பாதி பழையதும் பாதி புதியதுமான கோப்பு உருவாகலாம்.

மற்றொரு காரணம் நம் கையாலேயே நிகழ்வது. எஸ்க்யூலைட் முறையில் முதன்மைக் கோப்பின் அருகில் ஜர்னல் அல்லது ‘வால்’ என்னும் பெயரொட்டுடன் ஒரு தற்காலிகக் கோப்பு தோன்றும். முதன்மைக் கோப்பில் முழுதும் ஏறாத மாற்றங்கள் அதில் தங்கியிருக்கும். இடையூறு நேர்ந்தபின் மென்பொருளை மீண்டும் திறந்தால் இத்தற்காலிகக் கோப்பைக் கொண்டு தரவுத்தளம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். இதனைக் குப்பையெனக் கருதி நீக்குவோர், அல்லது முதன்மைக் கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகலெடுப்போர், பிழைக்கக்கூடிய ஏட்டைத் தாமே சிதைத்தவராவர்.

சிதைந்தபின் செய்யத்தக்கன

பட்டியலேடு திறக்க மறுக்கும்போது பதற்றத்தில் செய்யும் செயல்களே பேரிழப்பை விளைவிக்கும். கீழ்க்காணும் வரிசையைப் பின்பற்றுதல் நலம்.

முதலாவது, எதனையும் நீக்கலாகாது. எதனையும் பழுதுபார்க்கவும் தொடங்கலாகாது. பட்டியலேடு இருக்கும் மடிப்பறை முழுவதையும், தற்காலிகக் கோப்புகள் உட்பட, வேறொரு வன்தட்டில் நகலெடுத்தல் வேண்டும். இனிச் செய்யும் முயற்சி யாவும் நகலின் மேலேயே நிகழ்தல் வேண்டும். சுவடியைத் தொடுமுன் படியெடுப்பது பதிப்பாசிரியர் நெறி. அந்நெறியே இங்கும் ஏற்றது.

இரண்டாவது, மென்பொருள் தானே தரும் பழுதுநீக்கும் வாய்ப்பை நகலின்மேல் முயன்று பார்க்கலாம். அது வெற்றி பெற்றால் வரலாறும் சேர்ந்தே மீளும். ஓரளவு திறந்து, சில படங்களில் மட்டும் தடுமாறினால், புதிய வெற்றுப் பட்டியலேடு ஒன்றை அமைத்து, பழையதிலிருந்து மடிப்பறை மடிப்பறையாகக் கொண்டுவரலாம். நல்ல பகுதிகள் வரலாற்றுடன் வந்துசேரும். சிதைந்த பகுதி எதுவெனவும் தெரியவரும். எஸ்க்யூலைட்டின் சொந்தக் கருவிகளில் முழுமையைச் சோதிக்கும் கட்டளையும், எஞ்சிய தரவை மீட்டெடுக்கும் கட்டளையும் உள்ளன. கணிப்பொறித் துறை அறிந்தவர் துணையுடன் அவற்றைக் கையாளலாம்.

மூன்றாவது, பழுதுநீக்கம் கைகூடாவிடில் அண்மைக் காப்புப்படியை நாடுதல் வேண்டும். காப்புப்படியில் அது எடுக்கப்பட்ட நாள்வரை நிகழ்ந்த எல்லாப் படிகளும் முழுமையாக இருக்கும். அந்நாளுக்குப் பின் திருத்திய படங்களுக்கு மட்டும் துணைக்கோப்பிலிருந்து இறுதி நிலையை ஏற்றலாம். இங்கு ஒரு நுட்பம் உண்டு. துணைக்கோப்பைப் படிக்கச் செய்தால் அதிலுள்ள நிலையே பட்டியலேட்டின் நிலையை மாற்றி எழுதும். துணைக்கோப்பு பழையதாகவும் காப்புப்படி புதியதாகவும் இருந்தால் நல்லதை அழித்துத் தீயதை ஏற்றியதாக முடியும். ஆதலின் கோப்பின் நாளையும் காப்புப்படியின் நாளையும் ஒப்பிட்ட பின்னரே இதனைச் செய்தல் வேண்டும். அனைத்துப் படங்களையும் ஒருசேரத் தெரிவுசெய்து கட்டளையிடுவது தவிர்க்கத்தக்கது.

நான்காவது, காப்புப்படியும் இல்லை, துணைக்கோப்பும் இல்லை என்னும் இரங்கத்தக்க நிலையிலும் ஒரு வழி உண்டு. வெளியே எடுத்து அனுப்பிய ஜேபெக் படங்களைத் தேடுதல் வேண்டும். தகவல்கள் அனைத்தையும் சேர்த்து வெளியிடும் தெரிவில் அனுப்பப்பட்டிருந்தால், அப்படத்தின் உள்ளே திருத்த அளவுகள் பொதிந்திருக்கும். எக்சிஃப்டூல் என்னும் இலவசக் கருவியால் அவற்றை எடுத்துப் படிக்கலாம். அளவுகளைக் கையால் குறித்துக்கொண்டு மூலப்படத்தில் மீண்டும் இடலாம். ஒரு நூலின் மூலச்சுவடி தொலைந்தபின், உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோள்களிலிருந்து சில செய்யுள்களையேனும் மீட்பது போன்றது இது. முன்தோற்றக் கோப்பு எஞ்சியிருந்தால் இறுதித் தோற்றத்தைக் கண்ணால் காணலாம். படிகளை அதிலிருந்து அறிய இயலாது.

இந்நான்கு வழிகளையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இறுதி நிலையை மீட்கப் பல வழிகள் உள்ளன. படிகளின் வரிசையை மீட்கப் பட்டியலேடோ அதன் காப்புப்படியோ அன்றி வேறு வழி இம்மென்பொருளில் இல்லை. எனவே வரலாற்றைக் காத்தல் என்பது சிதைந்தபின் செய்யும் மருத்துவத்தைவிட, சிதையுமுன் மேற்கொள்ளும் ஒழுக்கத்தையே சார்ந்தது.

முன்காப்பு நெறிகள்

மென்பொருளை மூடும்போது காப்புப்படி எடுக்கவா என வினவும் பெட்டி தோன்றும். வேலை முடிந்த களைப்பில் ‘இப்போது வேண்டா’ எனத் தள்ளுவது பலர் வழக்கம். முழுமையைச் சோதித்துப் பின் காப்புப்படி எடுக்கும் தெரிவு அப்பெட்டியிலேயே உள்ளது. சோதிக்காமல் எடுத்த காப்புப்படி, சிதைந்ததன் சிதைந்த நகலாகவே அமையக்கூடும். ஆகவே பழைய காப்புப்படிகள் சிலவற்றையும் வைத்திருத்தல் அறிவுடைமை. புதியது பழுதெனில் அதற்கு முந்தையது உதவும்.

காப்புப்படி இயல்பாகப் பட்டியலேடு இருக்கும் அதே வன்தட்டில், அதன் அருகிலேயே எழுதப்படுகிறது. வன்தட்டே பழுதானால் இரண்டும் ஒருங்கே போகும். இடத்தை மாற்றி அமைத்தல் வேண்டும். அக்காப்புப்படியில் பட்டியலேடு மட்டுமே உண்டு. படங்கள் இல்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. நிழற்பட வல்லுநர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 என்னும் நெறி இங்குப் பொருத்தமானது: மூன்று படிகள், இரு வேறு வகைச் சேமிப்பு, அவற்றுள் ஒன்று வேறிடத்தில். திருமண மண்டபத்துப் படங்களை எடுக்கும் சிறு ஸ்டுடியோவும் இதனைப் பின்பற்ற இயலும். இரு வெளிவன்தட்டுகளும், அவற்றுள் ஒன்றை உறவினர் இல்லத்தில் வைக்கும் பழக்கமும் போதும்.

இவற்றினும் நுட்பமான வழி ஒன்று உண்டு. மேலே குறித்தவாறு, படிகளின் வரிசை துணைக்கோப்பில் ஏறாது. ஆனால் நிலைப்பதிவு ஏறும். எனவே திருத்தத்தின் முதன்மைக் கட்டங்களில் ஒவ்வொரு நிலைப்பதிவு இட்டு, அதற்குப் பொருள் விளங்கும் பெயர் சூட்டினால், வரலாற்றின் எலும்புக்கூடாவது பட்டியலேட்டுக்கு வெளியே வாழும். ‘கீறல் நீக்கியது’, ‘நிறம் மீட்டது’, ‘மலருக்கு அனுப்பியது’ என்றாற்போல் பெயரிடலாம். போலிப்பிரதிகள் வைத்திருப்போரும் ஒவ்வொன்றையும் மூலப்படத்தில் ஒரு நிலைப்பதிவாக மாற்றி வைக்கலாம். நூறு படிகள் அழிந்தாலும் ஐந்து கட்டங்கள் எஞ்சும். அவ்வைந்தும் பெயருடன் எஞ்சும். எந்திரம் தானே எழுதும் நூறு படிகளில் காரணம் இராது; மனிதன் இடும் பெயரில் காரணம் இருக்கும்.

இறுதியாக, பணி முற்றுப்பெற்ற படத்தை முழுத்தரமான டிஃப் கோப்பாக ஒருமுறை வெளியிட்டு வைத்தல் வேண்டும். மென்பொருள் மறைந்தாலும் தோற்றம் மறையாதிருக்க இது துணை செய்யும். அதனுடன், செய்த மாற்றங்களைச் சில வரிகளில் எழுதிய எளிய எழுத்துக் கோப்பையும் வைத்தால், எவ்வகை மென்பொருளும் இல்லாத காலத்திலும் அது படிக்கப்படும்.

வரலாறு எதற்கு?

‘படம் அழகாக இருக்கிறது, எப்படி வந்தது என்பது எதற்கு?’ என வினவுவோர் உளர். இதற்கு விடை நேர்மை என்னும் ஒரு சொல்லில் அடங்கும்.

2003ஆம் ஆண்டு ஈராக் போரின்போது லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் இதழின் படப்பிடிப்பாளர் பிரயன் வால்ஸ்கி இரு படங்களை இணைத்து ஒன்றாக்கி அனுப்பினார். கூட்டத்தில் ஒரே மனிதர்கள் இருமுறை தோன்றியதால் அது வெளிப்பட்டது, அவர் பணியிழந்தார். 2015ஆம் ஆண்டு உலகப் பத்திரிகை நிழற்படப் போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களை மூலக்கோப்புகளுடன் ஒப்பிட்டபோது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விலக்கப்பட்டது. மூலமும் திருத்தமும் ஒப்பிடப்பட்டதாலேயே இவ்வுண்மை வெளிவந்தது. இன்று செயற்கை நுண்ணறிவு இல்லாத முகத்தையும் எழுதவல்லது. ஆகவே படம் கடந்துவந்த வழியைப் படத்துடனேயே பிணைக்கும் முயற்சிகள் தோன்றியுள்ளன. இதற்கான தரத்தை வகுக்கும் சி2பிஏ என்னும் கூட்டமைப்பு 2021இல் உருவாயிற்று. அத்தகைய சான்றை எடுக்கும்போதே பதிக்கும் லைக்கா கேமரா 2023இல் வந்தது.

இவை தொலைவிலுள்ள செய்திகள் எனத் தோன்றலாம். நம் அருகில் நிகழ்வதையும் எண்ணிப் பார்ப்போம். ஒரு கல்வி நிறுவனத்தின் தொடக்ககாலக் குழுப்படம் கறையான் அரித்து, மூன்றாம் வரிசையில் ஒருவர் முகம் பாதி அழிந்திருக்கிறது எனக் கொள்வோம். அதனை வருடிக் கணிப்பொறியில் ஏற்றி, ஓர் இளைஞர் பொறுமையுடன் சீர்செய்கிறார். அழிந்த பாதி முகத்தை மற்றப் பாதியைக் கொண்டு வரைகிறார். படம் மலரில் அச்சாகிறது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அம்மூதாதையின் பேரன் அப்படத்தைக் காண்கிறான். இடப்பக்கக் கன்னத்து மச்சம் பாட்டனாருடையதா, இளைஞரின் தூரிகையுடையதா? திருத்த வரலாறு இருந்தால் விடை உண்டு. அது இல்லையேல் ஊகமே உண்மையாக நின்றுவிடும். மறைந்தோர் முகத்துக்கு நாம் சாட்சி சொல்கிறோம். சாட்சியில் எது கண்டது, எது கருதியது எனப் பிரித்துக் கூறும் கடமை நமக்குண்டு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. மூலப்படம், இறுதி நிலை, படிகளின் வரிசை என்னும் மூன்றும் வெவ்வேறானவை. ஒன்றைக் காத்தல் மற்றொன்றைக் காத்ததாகாது. துணைக்கோப்பு இறுதி நிலையைக் காக்கும். வரலாற்றைக் காப்பது சில மென்பொருள்களில் மட்டுமே. சிதைவு நேர்ந்தால் முதலில் நகலெடுத்தல், பின்னரே பழுதுநீக்கல் என்பது நெறி. பெயரிட்ட நிலைப்பதிவுகளும், சோதித்த காப்புப்படிகளும், எளிய எழுத்துக் குறிப்பும் வரலாற்றுக்கு மும்மடிக் காவலாகும்.

சுவடி காத்த பெருமக்களிடம் கணிப்பொறி இல்லை. ஏடு சிதையும் என்னும் தெளிவு இருந்தது. அத்தெளிவினால் அவர்கள் செல்லரிக்குமுன் படியெடுத்தனர். நம்மிடம் கணிப்பொறி உண்டு. ஆதலின் ஏடு சிதையாது என மயங்குகிறோம். கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் ஜமாஅத் அலுவலகங்களிலும் பழைய படங்கள் இன்று வருடப்பட்டுக் கணிப்பொறியில் ஏறி வருகின்றன. அப்பணியில் ஈடுபடும் மாணவர்கள், படத்தைச் செப்பம் செய்யும் திறத்தோடு, செய்ததைக் குறித்து வைக்கும் ஒழுக்கத்தையும் பழகிக்கொள்வார்களாயின், வருங்காலத்தார் நம் காலத்தை ஐயமின்றி அறிவர்.